செம்பில் பிடித்த அருவி

...ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே, அதை எப்படி இல்லை என்பது, அருவிக்கரையில் மூத்த மகளின் தலையில் எண்ணெயைத் தேய்த்தபடி சண்முகசுந்தரி நினைத்தாள், தென்காசியில் வயல் இருக்கிறது, ஆறு இருக்கிறது, விளைந்த நெல்லைத்தான் கேட்பாரில்லை. தூத்துக்குடியில் எல்லாவற்றையும் கேட்கிறார்கள், உப்பை, பஞ்சை, கடலுக்குள் கிடக்கும் சங்கைக்கூட. மூத்த மருமகனுக்குக் கப்பல் ஆபீசில் குமாஸ்தா வேலை, அவர் தம்பிக்கு உப்பளத்தில் மேற்பார்வை, அந்தத் தம்பிக்குத்தான் இளையவள் செண்பகத்தைக் கேட்டு மருமகன் வந்திருக்கிறார், சாயங்கால ரயிலுக்குள் பதில் வேண்டும். வீட்டுக்காரர் கைகழுவிவிட்டார், "நீ குளிச்சிட்டு வந்து சொல்லு, வெத்தலை மாத்துதது என் வேலை." இப்போது மட்டும் என் தலையில்... மூத்தவளைக் கொடுத்தபோது யார் கேட்டார்கள் என்னை? குழல்வாய்மொழி அங்கே போய் மூன்று வருஷம். முகத்தில் களை இருக்கிறது, மருமகன் அதட்டிப் பேசுவதில்லை, தெருவுக்குத் தெரு விளக்கு, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, கொழும்புக் கப்பலில் வந்த பீங்கான். "ஒரு குறையும் இல்லம்மா," நேற்றுகூடச் சொன்னாள். பிறகென்ன, சரி என்றுவிட வேண்டியதுதானே, எது தடுக்கிறது?

சாரல் முகத்தில் அடித்தது. செண்பகம் எண்ணெய்த் தலையோடு ஓடி அருவிக்குள் நின்றுகொண்டாள், கண்ணை மூடி, வாயைத் திறந்து. குழல்வாய்மொழி போகவில்லை. செம்பை நீட்டி விழுகிற தண்ணீரைப் பிடித்தாள், ஒதுங்கி வந்து குந்தினாள், களைந்து வைத்திருந்த அழுக்குச் சேலையைக் காலடியில் பரப்பிக்கொண்டு தலையில் மெல்ல ஊற்றினாள், வழிந்த தண்ணீர் சேலையில் விழுந்தது, காலால் சேலையைத் திருப்பிப் போட்டாள், அடுத்த செம்பு... என்ன செய்கிறாள் இவள்? குளித்த தண்ணீரிலேயே துணியை நனைக்கிறாளா? இந்த அருவியடியிலா? சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த பேராச்சி, பக்கத்துத் தெருக்காரி, உரக்கச் சிரித்தாள். "ஏட்டி தூத்துக்குடிக்காரி, செம்புல அளந்து ஊத்துதியே, அருவி என்ன ஓடியா போயிரும்?" குழல்வாய்மொழி கையிலிருந்த செம்பைப் பார்த்தாள், அப்போதுதான் அது தெரிந்தவள்போல. பிறகு அவளும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

"அங்கன தண்ணிக்குக் கஷ்டமா ஏட்டி?" சண்முகசுந்தரி கிட்டே வந்து கேட்டாள்.

"கெணறு உப்பும்மா. நல்ல தண்ணி வண்டியில வரும். வராமலும் போகும். பழகிட்டு."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? தண்ணிதானே." துணியைப் பிழிந்தாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். "செண்பகம் வந்தா நல்லதும்மா. அவுக காலையில போனா விளக்கு வச்சுத்தான் வருதாக. பேச்சுக்கு ஒரு ஆளாச்சு."

ஒரு குறையும் இல்லை என்றாளே, அது தங்கைக்காகச் சொன்னதா, தனக்காகவா... அருவிக்குள்ளிருந்து செண்பகம் கத்தினாள், "அக்கா, அங்கன மாடியில ஏறுனா கப்பல் தெரியுமா?" "தெரியும் தெரியும், வா." இவளும் எத்தனை நாளில் பழகிக்கொள்வாள், வாயைத் திறந்து நிற்கிற இவள்? பழகிவிட்டால் கெட்டுப்போய்விடுமா என்ன, வேலையும் கூலியும் இல்லாமல் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே யார் நிறைந்துவிட்டார்கள்... மாட்டேன் என்றால் மூத்தவள் அந்த வீட்டில் தனியாக, சரி என்றால் இரண்டு பேரும் செம்போடு. இத்தனை நேரம் ஒரு பெண்ணுக்குத்தான் பதில் தேடினேனா?

அவர்கள் வந்த வண்டியடியில் மருமகன் எழுந்து நின்றார். "குளிச்சாச்சா அத்தை?" வேறொன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர். சண்முகசுந்தரி தலையசைத்தாள். மூத்தவளின் செம்பு இப்போது தன் கையில் இருந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீர். கவிழ்க்கப் போனாள். சாரல் மழையாகிப் பெய்துகொண்டிருந்தது, பாதையெல்லாம் தண்ணீர் ஓடியது, அவள் செம்பைச் சாய்க்காமல் அதை ஊற்ற ஏதாவது செடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.