துரைக்கு வழி

கம்போங் ராஜாவில் தொடங்கியது என் முதல் சைக்கிள் பந்தயம். தார் ரோடு முடிந்து தேயிலைக்காட்டு மண்பாதை வந்ததும் சக்கரம் துள்ளியது. சந்தோஷத்தில் கத்திக்கொண்டே இறங்கினேன்.

பின்னால் மணியடித்தது. நாங்கள் துரை என்று கூப்பிடும் எஸ்டேட் மேனேஜர். அவரும் பந்தயத்தில்! துரை வந்தால் இறங்கி ஓரமாக நிற்பது எங்கள் பழக்கம். நின்றுவிட்டேன்.

"தேங்க்ஸ், திலகா!" என் முகத்தில் சேற்றை அடித்துவிட்டுப் பறந்தார்.

வேடிக்கை பார்த்த மணியம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி, இது ரேஸ் லா! ஏன் நிக்கிற?"

அடச்சே! ஏறி மிதித்தேன். மேடு, குழி எதுவும் கண்ணில் படவில்லை. கோபமும் சிரிப்பும் சேர்ந்து மூச்சு முட்டியது. கடைசி வளைவில் அவரைப் பிடித்துவிட்டேன்.

"தொரை, ஓரம் போங்க லா!" என்று அலறினேன்.

துரை பதறிப்போய் சைக்கிளைவிட்டு இறங்கி, ஓரமாக நின்றார்.