பதினொரு கழனியும் தலைகீழ் அம்பும்

1

இந்தக் கதை ஒரு தவறான மதிப்பெண்ணிலிருந்து பிறந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. போட்டவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இதற்குமுன் எழுதிப் பார்த்த நான்கு தொடக்கங்களிலும் அதை மூன்றாம் பக்கம் வரை மறைத்து வைத்திருந்தேன்.

ஒரு தொடக்கம் இப்படி இருந்தது: "உறுவையாற்று வயல்களில் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த..." பனியை நான் பார்க்கவே இல்லை. புதுச்சேரி டவுனில், மின்விசிறிக்குக் கீழே, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று: "அருள்மொழி என்ற புகழ்பெற்ற ஆசிரியை..." அருள்மொழி நான்தான். புகழ் விஷயத்தை என் கணவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

2

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இணையவழியில் ஒரு சான்றிதழ் வகுப்பு நடத்துகிறேன். பாடம் புவியியல். வரைபடத்தை வைத்துக் கதை சொல்லக் கற்றுக்கொடுப்பேன். திரையை விரலால் தள்ளத் தள்ள வரைபடம் ஊர் ஊராக நகரும். ஒரு புள்ளியைத் தொட்டால் படம் வரும், குரல் வரும், வீடியோ ஓடும். வீட்டிலிருந்தே பிள்ளைகள் ஆற்றங்கரைவரை போய்வந்துவிடலாம். இந்தக் கருவியில் என்னை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு.*

(* நினைப்பு இப்போதும் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறது.)

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் சுவேதா ஒருத்தி. உறுவையாற்றுப் பெண், வயது இருபத்தாறு. அவள் அம்மா மணியம்மாள் கூலிக்கு நடவு நடுகிறவர். கடைசித் தேர்வுக்குச் சுவேதா செய்த வரைபடத்தின் தலைப்பு 'எங்கம்மா நட்ட கழனி'. மொத்தம் பதினொரு கழனி. ஒவ்வொன்றிலும் அம்மா நட ஆரம்பித்த வரப்பிலிருந்து முடித்த வரப்புவரை ஒரு கோடு, கோட்டின் முனையில் அம்பு, கூடவே அம்மா நடுகிற வீடியோ. தேற ஐம்பது வேண்டும். தேறினால் ஒரு தனியார் பள்ளியில் இணையவழி வகுப்பு எடுக்கும் வேலை அவளுக்குக் காத்திருந்தது. தேறாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

ஒவ்வொரு வீடியோவிலும் முதல் சில நொடிகளை மட்டும் பார்த்தேன். வீடியோவில் மணியம்மாள் கிழக்கே பார்த்து நடுகிறார். அம்பு மேற்கே போகிறது. எல்லாக் கழனியிலும் இதே கதை, முகம் ஒரு பக்கம், அம்பு எதிர்ப்பக்கம். திசை தெரியாதவள் புவியியல் நடத்துவாளா? 'அம்பு தலைகீழ்' என்று சிவப்பில் பதினொரு முறை எழுதி முப்பத்தெட்டு போட்டேன்.

(நீங்கள் கழனியில் இறங்கியவர் என்றால் இதற்குள் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.)

3

மணியம்மாளை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவரைக் கைகூப்பிக் கண்கலங்கி நிற்கிறவராக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் நாலு பேர் பாராட்டுவார்கள். ஆனால் சுவேதா கேட்டதன்பேரில், மொத்த வகுப்பும் இணைந்திருக்க நடந்த மறு ஆய்வு நாளில், திரைக்குள் வந்த மணியம்மாள் கைகூப்பவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, எம்பொண்ணு தப்பா போட்டுகிதுன்னு சொன்னியாமே?"

"ஆமாங்க. நீங்க பாக்குற பக்கம்தானே அம்பு போகணும்?"

"நீ நடவு பாத்துகிறியா?"

"பாத்திருக்கேன்."

"இன்னாத்த பாத்த? நட்டுகினே பின்னாடி பின்னாடி போவோம். முன்னாடி போனா, நட்ட நாத்த நாங்களே மெதிச்சிட மாட்டமா?"

மைக்கை அணைக்க மறந்த யாரோ சிரித்தார்கள். "யம்மா, மேடத்த நீ, வா, போன்னு பேசாத" என்று சுவேதா அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா இரு டி" என்றார் மணியம்மாள்.

நெட்டப்பாக்கத்தில் என் அப்பாவுக்கு மூன்று காணி நிலம். நடவு நாளில் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருக்கிறேன். கூலி பேசின ஆள் எல்லாம் வந்துவிட்டார்களா என்றுதான் பார்த்தேன், அவர்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

(இந்த இடத்தில் ஒரு திருப்பம் வைத்திருந்தேன்: பதினொன்றில் ஒன்று எங்கள் கழனி! பொய். மணியம்மாள் நெட்டப்பாக்கம் பக்கம் வேலைக்குப் போனதே இல்லை. எடுத்துவிட்டேன்.)

"இதை ஒரு வரி எழுதியிருக்கலாமே?" என்று சுவேதாவைக் கேட்டேன். கேள்வியிலேயே கொஞ்சம் பழியை அவள் பக்கம் தள்ளப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"தெரியாம இருக்கும்னு நெனைக்கல மேடம். எங்கூர்ல மூணாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரியும்."

தப்பு என்னுடையது என்று முப்பத்திரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். பிறகு எல்லோருமாக அந்த வரைபடத்தை முதலிலிருந்து தள்ளிப் பார்த்தோம். பதினோராவது கழனியின் வீடியோ முடியும்போது மணியம்மாள் மேற்கு வரப்பை எட்டி, இடுப்பில் கைவைத்து நிமிர்கிறார். எதிரே கழனி முழுக்கப் பச்சை. பின்பக்கமாகப் போகிறவருக்குத்தான், செய்த வேலை அத்தனையும் கண்ணெதிரில் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பாத்தியா?" என்றார் மணியம்மாள். "அம்மாத்தமும் என் கை நட்டது."

ஒரு நாற்றுகூட நடாத எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், நிமிர்ந்தது.

4

முடிவு ஒன்று: மதிப்பெண் எண்பத்தாறாக மாறியது, சுவேதாவுக்கு வேலை கிடைத்தது. (நடந்தது இதுதான். ஆனால் படிக்கும்போது செய்தித்தாள் மாதிரி இருக்கிறது.)

முடிவு இரண்டு: கழனிக்காரர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மணியம்மாள் வீடு தேடிச் சால்வையோடு... (யாரும் வரவில்லை.)

முடிவு மூன்று: நானே உறுவையாற்றுக்குப் போய், சேற்றில் இறங்கி, ஒரு நாற்றுமுடியைக் கையில்... (இந்த முதுகுவலியோடா?)

கடைசியில் முதல் முடிவையே வைத்து, கதையைச் சுவேதாவுக்கு அனுப்பினேன். அவள் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது முறையில்லை. 'அவளுக்கு எண்பத்தாறு கொடுத்தேன்' என்று முடித்திருந்தேன். சாயங்காலம் போன் வந்தது.

"கத நல்லாகீது மேடம். அம்மாவுக்கும் படிச்சி காமிச்சேன். கடைசி வரி மட்டும்தான்..."

"என்ன, சொல்லு."

"கொடுத்தேன்னு எழுதிகிறீங்க. நீங்க குடுத்தது முப்பத்தெட்டு மேடம். எண்பத்தாறு நாங்க வாங்குனது."

பின்னாலிருந்து மணியம்மாள் குரல் கேட்டது. "நல்லா சொல்லு டி!"

அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஏழெட்டு வரி எழுதிப் பார்த்தேன். 'என் மாணவி' என்றோ 'என் வகுப்பில்' என்றோ எப்படியாவது நான் உள்ளே புகுந்துவிடுகிறேன். அதனால் கடைசி வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதில் வரக் கூடாது.