இறங்குமுகம்

மேற்கு மண்டலத்தில் பால் பவுடர் விலை இறங்குமுகமாக இருந்தது. அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று தரகர் மாரப்பனும் அவருடைய கணக்கரும் காலையிலேயே நல்லம்மாள் வீட்டுக்கு வந்தார்கள்.

முகம் கேட்டு வந்தவர்களை இல்லை என்று திருப்பி அனுப்பும் வழக்கமில்லை. நல்லம்மாள் உள்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். உள்ளே தங்கச்சி சரசு தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வடக்கு மண்டலத்துல போன மாசம் ஏறுமுகமுங்க," என்றார் தரகர். "ஒரு டீச்சரம்மா குடுத்தாங்க. முகம் நெத்தியைத் தாண்டி உச்சந்தலைக்குப் போயிருச்சு. பூ வெக்கத்தான் எடமில்லை. மத்தபடி சௌக்கியமுங்க."

"இறங்குமுகத்துக்குக் குடுத்தவங்க?"

தரகர் ஜன்னலைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்குதுங்க."

"என் முகத்தை எடுத்துக்குங்க."

அவர் அவள் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார், மூட்டையைத் தட்டுவது போல. "இது மந்தமுங்க அம்மிணி. ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. பயந்தவங்க முகமே அப்படித்தான்."

பாதிப் பின்னலோடு சரசு வெளியே வந்தாள். "யாருக்கா இவிய?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே தரகருக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் சரசுவின் கண்கள் இறங்கின. மூக்கு இருந்த இடத்தில் வந்து நின்றன. வாய் கழுத்துக்குப் போனது. மேலே நெற்றி மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது, வெள்ளையாக.

"அக்கா, நீ ஏன் ஒசந்துட்டே போறே?" என்று கேட்டாள் கழுத்திலிருந்து.

நல்லம்மாள் இரண்டு கைகளையும் அந்த வாய்க்குக் கீழே கொடுத்துத் தாங்கினாள். முகம் நின்றது. கணக்கரின் போன் அடித்தது.

"வெலை நின்னுருச்சாமுங்க," என்றார் கணக்கர்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "உட்றாத அம்மிணி! இதுக்கு மேல எறங்குனா மாட்டை விக்கோணும்!" என்று பால் ஊற்றுகிறவர்கள் கத்தினார்கள். "விட்டுருங்க! நாங்க இன்னும் வாங்கவே ஆரம்பிக்கலை!" என்றார்கள் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள். சரசுவை யாரும் பார்க்கவில்லை.

முகம் கனத்தது. நல்லம்மாள் பிடியை விடவில்லை. அவள் முழங்கால்தான் மடிந்தது. பிறகு இடுப்பு. சரசுவின் வயிற்றைத் தாண்டி, தொடையைத் தாண்டி முகம் இறங்கியது. கூடவே அவளும் இறங்கினாள். கடைசியில் குப்புறக் கிடந்தாள். நின்றுகொண்டிருந்த தங்கச்சியின் பாதங்களிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. அவள் புறங்கைகள் தரையில் அழுந்தின.

"அவ்வளவுதானுங்களே?" என்றாள். "இனி எறங்க எடமில்லையே?"

தரகர் போனை வாங்கிக் காதில் வைத்தார். நெடுநேரம் கேட்டார். கணக்கரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கணக்கர் வெளியே போய் ஒரு கடப்பாரையோடு வந்தார்.

"அக்கா, என்ன பண்றாங்க?"

"ஒண்ணுமில்லை கண்ணு. என்னையே பாரு."

"கையைக் கொஞ்சம் நகத்துங்க அம்மிணி," என்றார் தரகர். "தரைக் கல்லைப் பேக்கோணும்."