கடைசி வாங்கில் நம்பாதவன்

"கடவுள் இல்லையெண்டு சொல்லுறவனுக்கு இஞ்சை என்னடா வேலை?"

மார்கிரட் அக்கா வாசலிலேயே மறித்தாள். கையில் செபமாலை. கண்ணில் நெருப்பு.

"கதை கேக்க வாறன் அக்கா. நீங்கள் சொல்லுற கதையள் நல்லாயிருக்கு."

"நரகத்துக்குத்தான் போவாய்."

"அங்கையும் சைக்கிள் ஓடுமெண்டால் பிழைச்சுக்கொள்ளுவன்."

உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். லியோன் மார்கிரட் அக்காவைத் தாண்டிப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். இடுப்பில் சாரத்துக்குள் செருகியிருந்த இரும்பு குத்தியது. ரயர் கழற்றுகிற இரும்பு. புதன்கிழமைகளில் அது அவனோடு கோயிலுக்கு வரும்.

குருநகரில் லியோனுக்குச் சைக்கிள் திருத்தும் கடை. தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு. போர்த் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் டொக்டரும் சைக்கிள், மாப்பிள்ளையும் சைக்கிள். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு என்பதால் செபக்கூட்டத்தைப் பொழுதுபடுமுன் முடித்துவிடுவார்கள். முதலில் செபமாலை. பிறகு சாட்சி. மாதா தனக்குச் செய்த புதுமையை, அற்புதத்தை, ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். அதன்மேல் மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், கதைக்கலாம். கடைசியில் லியோனின் தாய் மரியநாயகி பாட்டெடுப்பாள். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். அதுதான் அங்கே வழக்கம்.

இன்றைக்கும் சாட்சி சொல்ல எழுந்தவன் அடைக்கலநாதன்.

லியோனின் விரல்கள் இரும்பைத் தடவின.

போன மாரியில் அடைக்கலநாதனும் லியோனின் தம்பி சிமியோனும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். காற்று புரட்டியடித்தது. வள்ளம் கவிழ்ந்தது. விடிய, பாசையூர்க் கரையில் அடைக்கலநாதன் உயிரோடு ஒதுங்கினான். மறுநாள் சிமியோன் ஒதுங்கினான், பிணமாக.

சிமியோனின் காலில் செல்லடியில் குண்டுத் துண்டு ஏறியிருந்தது. நீந்த முடியாது. அதனால் அவன் கடலுக்குப் போகும்போதெல்லாம் லியோன் மிதவையாக ஒரு வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானை அவன் இடுப்பில் கட்டி அனுப்புவான். கயிறு வழுக்கும் என்று பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி, அதனாலேயே இரட்டை முடிச்சுப் போடுவான். ஈரம் பட்டால் அந்த முடிச்சு இன்னும் இறுகும். தானாக அவிழாது.

பிணத்தின் இடுப்பில் கானும் இல்லை, ரியூப்பும் இல்லை.

"முதல் அலையோடையே சிமியோன் போயிட்டான். பிறகு நான் அவனைக் காணவேயில்லை," என்றான் அடைக்கலநாதன். மாதாவின் பெயரைக் கூப்பிட்டானாம். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கான் மிதந்து வந்ததாம். விடியும்வரை அதைப் பிடித்திருந்தானாம். கரை தட்டியதும் கானைக் கடல் இழுத்துக்கொண்டதாம்.

புதுமை! ஊர் முழந்தாளிட்டது. மீன் குறைந்த காலத்திலும் அவன் வீட்டுக்கு மீன் போனது. செபக்கூட்டத்துக்கு அவனே தலைவன். மரியநாயகி புதன் தவறாமல் அவனுடைய இடது கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். மாதா காப்பாற்றிய கையல்லவா?

அந்த இடது கையில், அக்குளுக்குக் கீழே, அன்று கரையில் கறுப்பாக ஒரு தடம் இருந்தது. ஊர் அதைக் காயம் என்றது. லியோனுக்கு அந்தக் கறுப்புத் தெரியும். தினமும் அவன் கையைவிட்டுப் போகாத ரியூப்பின் கறுப்பு.

ஆனால் யாரிடம் சொல்வது? "அலை பறிச்சிருக்கும்" என்பார்கள். மாதா தொட்ட மனிதனுக்கு எதிராகக் கோயிலை விட்டவனின் பேச்சு எடுபடுமா? உண்மை இருந்தது ஒரே இடத்தில்தான். அடைக்கலநாதனின் வாய்க்குள். அதற்குள்ளிருந்துதான் அதை இழுக்க வேண்டும்.

அதற்கு வழியையும் அடைக்கலநாதனே காட்டினான். சந்தேகப்பட்டால் அவனுக்குப் பொறுக்காது. சாட்சியில் ஒன்றைக் கூட்டிச் சொல்லுவான். "இருட்டிலை கான் எப்பிடித் தெரிஞ்சது?" என்று லியோன் கேட்ட வாரம், கானைச் சுற்றி வெளிச்சம் வந்தது. இன்னொரு வாரம் மாதா பேசினாள் என்றான்.

"என்ன பாஷை அண்ணை?"

"தமிழ்தான்."

"எங்கடை குருநகர்த் தமிழோ, சுண்டுக்குளிப் படிச்ச ஆக்களின்ரை தமிழோ?"

சனம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

இன்று அடைக்கலநாதன் கண்ணை மூடிக்கொண்டு சாட்சியை முடித்தான். "விடியும்வரை மாதா தந்த கானை விடாமல் பிடிச்சிருந்தன். மரியே வாழ்க!"

"பொய்," என்றான் லியோன்.

கூட்டம் திரும்பியது.

"ஆராவது ஒரு கானைத் தண்ணிக்குள்ளை பிடிச்சுப் பாருங்கோ. சோப் மாதிரி வழுக்கும். அந்தக் காத்திலை, விறைச்ச கையாலை, விடியும்வரைக்கும்? கானும் இல்லை. மாதாவும் வரேல்லை. இவர் வள்ளத்துப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்திட்டு வந்து கதை விடுறார்."

"டேய்!" மார்கிரட் அக்கா எழுந்தேவிட்டாள். "அண்ணை, உவனுக்குச் சொல்லுங்கோ! கான் வந்ததோ இல்லையோ?"

அடைக்கலநாதனின் முகம் சிவந்தது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியும் பார்த்தார்.

"வந்தது! நான் கையாலை பிடிச்சனெண்டு ஆர் சொன்னது? அதிலை வார் இருந்தது. வாருக்குள்ளை கையை விட்டுக்கொண்டு கிடந்தனான்."

"வார்?"

"ஓம். றப்பர் வார். மாதா ஒண்டைத் தந்தால் குறையாத் தரமாட்டா, தெரிஞ்சுகொள்."

வாங்குகளில் "மாதாவே!" என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. லியோன் குரலைக் கேலியாகவே வைத்திருந்தான்.

"அறுந்த வாராயிருக்கும். எங்கையோ அறுந்து மிதந்து வந்த குப்பைக் கான். அதைப்போய்ப் புதுமை எண்டுறியள்."

"அறுந்ததோ? முழு வார்! ஒரு கீறல் இல்லை. இரட்டை முடிச்சு. பல்லாலை கடிச்செல்லோ அவிட்டனான்!"

லியோன் மெல்ல எழுந்தான். இப்போது குரலில் கேலி இல்லை.

"எதிலையிருந்து அவிட்டனீங்கள் அண்ணை?"

அடைக்கலநாதனின் வலது கை இடது அக்குளைப் பொத்தியது.

"மாதா தந்த கான். உங்கடை கைக்குத் தந்தது. அது எதிலை கட்டியிருந்தது? ஆரிலை கட்டியிருந்தது?"

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. முன் வாங்கில் மரியநாயகி திரும்பி மகனைப் பார்த்தாள். பிறகு அடைக்கலநாதனை. அவன் பல்லை. அவன் இடது கையை. கடைசியில் தன் விரல்களைப் பார்த்து, அவற்றைச் சேலையில் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சாகிற ஆளிலையிருந்துதான் அக்கா..." அடைக்கலநாதன் மரியநாயகியைப் பார்த்துச் சொன்னான்.

"செத்தவனோ, சாகிறவனோ?" என்று மரியநாயகி கேட்டாள்.

"உயிர் இருந்தது."

"கதைச்சவனோ?"

"அண்ணை எண்டு கூப்பிட்டவன். கையைத் தட்டித் தட்டி விட்டவன். எனக்கும் மூண்டு பிள்ளையள் அக்கா..."

அவன் முழந்தாளில் விழுந்தான். சுவாமி அவசரமாக முன்னால் வந்தார். "பிள்ளையள், இது மனந்திரும்பிற நேரம். எல்லாரும் முழந்தாளிடுங்கோ. மன்னிப்புக்காகச் செபிப்பம். லியோன், நீயும் வா. நம்பாட்டிலும் பரவாயில்லை."

லியோன் ஏற்கெனவே நடு வழியில் வந்துகொண்டிருந்தான். இரும்பு கைக்கு வந்துவிட்டது. மார்கிரட் அக்கா அலறினாள்.

"மன்னிக்கிறதுக்கு உங்கடை ஆள் மேலை இருக்கிறார் சுவாமி. எனக்கு மேலை ஒருத்தரும் இல்லை. என்ரை கணக்கை நான் இஞ்சைதான் தீர்க்கோணும்."

"லியோன்!" மரியநாயகியின் குரல். "உந்த இரும்பைக் கீழை போடு."

"அம்மா, நீங்களும் மன்னிக்கச் சொல்லுறியளோ?"

"கீழை போடெண்டன். ஒரு அடியோடை முடிஞ்சிடும்."

அவன் நின்றான். இரும்பு தரையில் விழுந்து சத்தமிட்டது.

"பாட்டெடுங்கோ மரியநாயகி," என்றார் சுவாமி, கெஞ்சுகிற மாதிரி. அவள் பாட்டெடுத்தால் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"சாட்சி முடியேல்லைச் சுவாமி. முடியாமல் பாட்டெடுக்கிற வழக்கம் இல்லை." அவள் அடைக்கலநாதனின் முன்னால் போய் நின்றாள். "நீ தலைவனெல்லோ தம்பி? வாற புதனும் வா. அதுக்கடுத்த புதனும் வா. முதல்லையிருந்து சொல்லு. அவிட்டதைச் சொல்லு. கூப்பிட்டதைச் சொல்லு. வராட்டில் உன்ரை பிள்ளையளுக்கு நான் போய்ச் சொல்லுவன்."

அடைக்கலநாதன் வந்தான்.

அவன் வீட்டுக்கு மீன் போவது நின்றது. வாங்குகள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. மார்கிரட் அக்கா வேறு கோயிலுக்குப் போனாள். சுவாமி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த சுவாமி இளைஞர். முதல் புதன்கிழமையே அவர் கடைசி வாங்கைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீர் நம்பாத ஆள் எண்டு சொல்லுகினம். பூசையிலை நற்கருணையும் எடுக்கிறேல்லை. பிறகேன் ஒரு கூட்டமும் விடாமல் வாறீர்?"

"கேள்வி கேக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும் சுவாமி."

முன் வாங்கில் மரியநாயகி செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடைக்கலநாதன் எழுந்தான். சட்டை தொளதொளத்தது. காற்றைச் சொன்னான். கவிழ்ந்ததைச் சொன்னான். இருட்டில் கைக்குத் தட்டுப்பட்ட கானைச் சொன்னான். முடிச்சில் வாயை வைத்த இடத்தில், எப்போதும் போல, நின்றுவிட்டான்.

கடைசி வாங்கிலிருந்து குரல் வந்தது.

"பிறகு?"