மஞ்சள் கோடு

நான் பல் டாக்டர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பான பல்லைப் பிடுங்கியதில்லை. இதை நான் சொல்லாத விருந்து கிடையாது, கேட்காத சொந்தக்காரன் கிடையாது. என் கிளினிக் உதவியாளருக்கு இது மனப்பாடம். நடுங்குகிற நோயாளிகளுக்கு அவளே ஒப்பித்துவிடுவாள்.

போன வருடம் ஒரு கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான், எட்டு வருடப் பழசு. ஆனால் எட்டு சிலிண்டர், கறுப்பு, ஸ்டார்ட் பண்ணினால் எதிர்வீட்டு ஜன்னல் அதிரும். "உங்க ரெண்டாவது சம்சாரம்" என்பாள் மனைவி. தினமும் துடைப்பேன். முதல் சம்சாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை, அது வேறு விஷயம்.

மனைவியின் தம்பி இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். பதினோரு வருட சர்வீஸ். பெரிய ஃபோர்மேன் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடமும் ஒர்க் ஷாப்பின் சாவிக்கொத்தும் இவனுக்குத்தான் என்று முதலாளியம்மா வாய்விட்டுச் சொல்லியிருந்தார். என் மனைவி அதைப் பத்துப் பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சட்டைப் பையில் மஞ்சள் பெயின்ட் பேனா வைத்திருப்பான். எந்த போல்ட்டை இறுக்கினாலும், அதன் தலையில் ஆரம்பித்துப் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுப்பான். "கோடு நேரா இருந்தா நான் இறுக்குன மாதிரியே இருக்குன்னு அர்த்தம் அத்தான். உடைஞ்சிருந்தா வேற யாரோ கை வச்சிருக்காங்க." மற்ற மெக்கானிக்குகள் அவனுக்கு 'மஞ்சள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, ஒர்க் ஷாப் மூடுகிற நேரத்தில், முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு என் வண்டிக்கு பிரேக் மாற்றினான். வீட்டு வண்டி என்பதால் என்ன வேலை பார்த்தான் என்று சீட்டு எதுவும் எழுதவில்லை. லிஃப்ட்டில் ஏற்றியதோடு அடியில் இருந்த எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிக் கோடும் போட்டுவிட்டான். இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய நேரம், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றான்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருந்தோம். அவன் மனைவி, என் மனைவி, என் மாமியார். ஃபோர்மேன், ஃபோர்மேன் என்று ஒரே பேச்சு. என் இருபத்திரண்டு வருடத்தைக் கேட்க ஆளில்லை. எனக்கு வயிறு எரிந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அதைத் தமாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

"பழசைக் கீழ விடணும், புதுசை மேல ஊத்தணும். இதுக்கெல்லாம் பதினோரு வருஷ சர்வீஸ் வேணுமா மச்சான்? நான் பல்லையே புடுங்குறவன்."

மேசையே சிரித்தது. அவன் மனைவி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்துவிட்டு, "செய்ங்க அத்தான். ஆனா இந்த வண்டியில கீழ ரெண்டு பிளக் இருக்கு. பார்த்துக் கழட்டுங்க" என்றான்.

அது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையிலேயே வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி அடியில் புகுந்தேன். கையில் கிளினிக் கையுறை, நெற்றியில் வாய்க்குள் பார்க்கிற விளக்கு. அடித்தட்டைக் கழற்ற இருபத்திரண்டு திருகாணி. அவற்றை என் ஸ்டீல் தட்டுகளில் வரிசை மாறாமல் அடுக்கினேன். இவ்வளவு சுத்தமாக எந்த மெக்கானிக் வேலை பார்ப்பான் என்று எனக்கு நானே ஷொட்டு வைத்துக்கொண்டேன்.

கண்ணுக்கு நேராக ஒரு பிளக் இருந்தது. அதன்மேல் மஞ்சள் கோடு. நம்ம ஆள் வேலை என்று சிரித்துக்கொண்டே திருகினேன். கோடு இரண்டாக உடைந்தது. ஆயில் வந்தது, தேன் நிறத்தில். ஓடின ஆயில் கறுப்பாக இருக்கும் என்று படித்திருந்தேன். உயர்ந்த வண்டியில் கறுக்காது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு மேலே ஃபில்டரைக் கழற்றினால் அதில் ஆயில் மைபோல் கறுப்பு. அழுக்கெல்லாம் ஃபில்டரில் தங்கிவிட்டது, அதுதானே அதன் வேலை என்றேன். தன் தப்பைத் தானே பூசி மெழுகுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பிளக்கை இறுக்கி, புது ஃபில்டரை மாட்டி, எட்டரை லிட்டர் புது ஆயிலைச் சிந்தாமல் ஊற்றினேன்.

ஆயில் அளவு பார்க்க இந்த வண்டியில் குச்சி கிடையாது. கொஞ்ச தூரம் ஓடி இன்ஜின் சூடானால்தான் திரையில் காட்டும். வெளியே எடுத்தேன். ஒரு தெரு ஒழுங்காகப் போனது. இரண்டாவது தெருவில் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் இழுக்கவில்லை. பின்னால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. திரையில் 'அளவு மிக அதிகம்' என்று வந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் குழாயோடு ஓடி வந்தார்.

"டாக்டர், தீ புடிச்சிருச்சா?"

இல்லை என்று தலையாட்டி இன்ஜினை நிறுத்தினேன். அந்த அமைதியில்தான் அவன் சொன்னது மண்டையில் ஏறியது. கீழ ரெண்டு பிளக் இருக்கு. நான் திறந்துவிட்டது கியர் பாக்ஸ் பிளக். கியர் பாக்ஸ் வறண்டு கிடக்கிறது, இன்ஜினில் பழையதும் புதியதுமாக இரட்டிப்பு ஆயில். சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

நாலு பேர் வண்டியைத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடித்தட்டை மாட்டினேன். காலி டப்பாக்களைப் பழைய திரைச்சீலையில் சுற்றி ஒளித்தேன். அதைச் செய்தபோதே என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மனைவி வந்தாள். "வண்டிக்கு என்ன ஆச்சுங்க?"

"உன் தம்பி போன சனிக்கிழமை பிரேக்கோட ஆயிலும் மாத்துனான்ல. பிளக் மாத்திக் கழட்டிட்டான்போல."

வாய் கூசாமல் சொன்னேன். அதற்கு முந்தின நொடிவரை உண்மையைச் சொல்லத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன், இதை யாரும் நம்ப வேண்டாம். எண்ணிப் பார்த்தால் வண்டி அவன் கையை விட்டு எட்டு நாளாக ஓடியிருக்கிறது. அவளுக்கு அந்தக் கணக்கும் தோன்றவில்லை, சாப்பாட்டு மேசையில் நான் அடித்த ஜம்பமும் ஞாபகம் வரவில்லை. அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"அத்தான் அப்படியா சொன்னாரு?"

"பின்ன நானா சொல்றேன்?"

"சரிக்கா. காலையில வண்டி வரட்டும், பார்க்கிறேன்."

அவன் எனக்கு அவகாசம் கொடுத்தான். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வண்டி ஒர்க் ஷாப்பில் லிஃப்ட்டில் ஏறியது. மனைவி கண்ணாடி அறைக்குள் முதலாளியம்மாவிடம் தம்பியைப் பற்றிக் கொட்டிக்கொண்டிருந்தாள். கீழே நானும் அவனும் மட்டும். அடித்தட்டை இறக்கி விளக்கை அடித்தான். இன்ஜின் பிளக்கில் கோடு நேராக இருந்தது. கியர் பாக்ஸ் பிளக்கில் உடைந்து இரண்டு துண்டாக நின்றது. யார் கை வைத்தது என்று அந்த இரும்பே சொல்லிற்று. அவன் அதைக் காட்டினால் போதும், அவன் பெயர் தப்பிக்கும்.

"எத்தனை லிட்டர் ஊத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எட்டரை."

தலையாட்டினான். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் என் செருப்பைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தமும் என் மனைவியின் குரலும் கேட்டன. அவன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். பழைய கோட்டைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அந்த பிளக்கின்மேல் நேராக ஒரு புதுக்கோடு இழுத்தான்.

"அக்கா வர்றா" என்றான்.

முதலாளியம்மா வண்டிக்கு அடியில் வந்து, சங்கிலியில் தொங்கின மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளக்கைப் பார்த்தார். "உன் கோடுதானே?"

"ஆமா மேடம். அவசரத்துல நான்தான் மாத்திக் கழட்டிட்டேன்."

அவர் பிளக்கை விரலால் தொட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விரலைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். என் மனைவி அங்கேயே, மற்ற மெக்கானிக்குகள் எதிரில் தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வேலை எனக்குத் தெரியாததா என்ன, இருந்தும் நாக்கு பத்திரமாக வாய்க்குள்ளேயே இருந்தது.

மூன்று ஞாயிறு தன் லீவில் வந்து கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டினான். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவியை நீட்டி, "இப்ப நல்லா இருக்கு அத்தான்" என்றான். நான் அந்த வண்டியை எடுக்கவில்லை. கிளினிக்குக்கு நடந்தே போனேன். உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொன்னேன். ஃபோர்மேன் விஷயம் தள்ளிப் போயிருப்பதாக அவள் சொன்னாள். தள்ளித்தானே போயிருக்கிறது, இல்லையென்று ஆகிவிடவில்லையே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போனால் அவன் உட்கார்ந்திருக்கிறான். கன்னம் பந்துபோல் வீங்கியிருந்தது. கீழ்வரிசைக் கடைசிப் பல், சொத்தை வேர்வரை போயிருந்தது. பிடுங்கத்தான் வேண்டும்.

"வேற டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல." நாற்காலியில் சாய்ந்தான். பையைத் தடவி மஞ்சள் பேனாவை எடுத்து நீட்டினான். வீங்கின கன்னத்தோடு கோணலாகச் சிரித்தான். "எந்தப் பல்லுன்னு வேணா கோடு போட்டுக்கங்க அத்தான்."

என் உதவியாளர் கலகலவென்று சிரித்துவிட்டாள். "பயப்படாதீங்க சார். நம்ம டாக்டர் இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்பான பல்லைப்..."

"போதும்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

ஊசி போட்டேன். மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும். அவன் கண்ணை மூடி வாயைத் திறந்து கிடந்தான். என்னிடம், என் கையில், வாயைத் திறந்து கிடந்தான். நான் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன். அவனும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். உதவியாளரும் அங்கேயே நின்றாள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மேடம், பல் டாக்டர் பேசுறேன். அந்த ஆயிலை மாத்துனது நான். தப்பான பிளக்கைக் கழட்டுனதும் நான்தான். என் மச்சான் அந்த ஆயிலைத் தொடவே இல்ல."

அவன் கண்ணைத் திறந்து கையைக் கையை ஆட்டினான். பேச வரவில்லை, நாக்கு மரத்திருந்தது.

"தெரியும் டாக்டர்" என்றார் அவர். "புதுக்கோட்டுல பெயின்ட் காயவே இல்ல. என் விரல்ல ஒட்டுச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு மாசம் பார்த்தேன்."

"அப்ப அவனையே ஃபோர்மேனா..."

"அதுக்குப் போன வாரம் வேற ஆளைப் போட்டாச்சு. தப்புப் பண்ணுறவனுக்குச் சொல்லிக் குடுக்கலாம் டாக்டர். பொய்க்கோடு போட்டுட்டு என் முன்னால நின்னு ஆமான்னு சொன்னவன் கையில சாவியைக் குடுக்க முடியல. நல்ல பையன்தான். எனக்கே வருத்தமாத்தான் இருக்கு."

போன் அணைந்தது. அவன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுவரை போனது. உதவியாளர் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள், என்னைப் பார்க்காமல். இனி மனைவியிடம் சொல்ல வேண்டும், மாமியாரிடம், அன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவியிடம். எத்தனை பேரிடம் சொன்னாலும் அந்தச் சாவிக்கொத்து அவனுக்குத் திரும்ப வராது.

"மச்சான்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல், விரலால் தன் வாயைக் காட்டினான். வேலையைப் பாருங்கள் என்கிற மாதிரி.

புதுக் கையுறை போட்டுக்கொண்டேன். எக்ஸ்ரேயை இரண்டாவது தடவை விளக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு இடுக்கியால் அந்தப் பல்லைத் தட்டி, "இதுதானே?" என்று கேட்டேன். தலையாட்டினான். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஆட்டினான். மூன்றாவது தடவை கேட்டபோது, என் மணிக்கட்டைப் பிடித்து, இடுக்கியை அவனே அந்தப் பல்லில் கொண்டுபோய் வைத்தான்.