மூன்று துளியும் ஒரு சிலுவையும்

“இனிமேல் உந்தச் சிலுவை வேண்டாம் பிள்ளை,” என்றார் பஞ்சலிங்கம் முதலாளி.

ஸ்ரெல்லா மைத் தூரிகையைப் பிடித்தபடி நின்றாள். குருநகர்க் கரையில் அவருடைய வாடிக் கொட்டிலில் கடலட்டை அவித்துக் காயவைக்கிற பெண்களில், சாக்கில் எழுத்துப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“சரக்கு ஏத்திற கொழும்பு ஆள் வந்து சொன்னவன். சிங்கப்பூர்க்காரன் கேக்கிறானாம், எழுத்துக்கு மேலை என்ன கிறுக்கெண்டு.”

முதல்தர அட்டை உள்ள சாக்குகளில் மட்டும் அந்தச் சீன எழுத்தைப் போட வேண்டும்: 海. கடல் என்று அர்த்தமாம். அவளுக்கு அதைப் பழக்கியவன் புருசன் சிமியோன். வாடியில் முன்பு எழுதியவன் அவன்தான். “இடப்பக்கம் மூண்டு துளி. முதல் ரெண்டும் கீழை விழும், மூண்டாவது மேலை தெறிக்கும்,” என்று ஈர மணலில் கீறிக் காட்டினான். பக்கத்தில் ஒரு கூரை, கூரைக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குள் குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொட்டு. ஆரம்பத்தில் பெட்டி கவிழப்போகிற வள்ளம் மாதிரிச் சரிந்தது. போகப் போகக் கை படிந்துவிட்டது.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் அந்தக் கை விடவில்லை. எதை எழுதினாலும் மேலே சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்கும். ஞானோபதேச வகுப்பில் வந்த பழக்கம், சீன எழுத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்குமா என்ன? பிள்ளையார் சுழி போடாமல் கடைச் சாமான் துண்டுகூட எழுதாத பஞ்சலிங்கத்தாருக்கு அது குறையாகவே படவில்லை. சிமியோனுக்குத்தான் சிரிப்பு அடங்காது.

“சீனன் என்ன வேதக்காரனே?” என்று கேட்டுக்கொண்டு, மை காயுமுன் பெருவிரலால் சிலுவையை ஓர் இழுப்பு இழுத்துவிடுவான். சாக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் மிஞ்சும். அவள் திட்டிக்கொண்டே மறுபடி போடுவாள். புதிதாகக் கலியாணம் செய்தவர்களுக்கு விளையாட எதுவும் போதும்.

மகள் பெர்னடெட் பிறந்த பிறகு அவன் கப்பலில் வேலைக்குப் போய், சிங்கப்பூரில் இறங்கி, ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான். “நேற்று வந்த சாக்கிலை உன்ரை சிலுவையைக் கண்டன். எல்லாருக்கும் முன்னாலை சிரிச்சுப்போட்டன்,” என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். அதுதான் கடைசிக் கடிதம். எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை மூண்டது. தபால் நின்றது. அவளுடைய ஒழுங்கையில் ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போயிற்று. தாயும் மகளும் அப்போது வேதக் கோவிலுக்குள் இருந்ததால் தப்பினார்கள். குருநகரில் சனம் செத்ததை வானொலி சொல்லியிருக்கும், அவன் கேட்டிருப்பான். தாங்கள் உயிரோடிருப்பதை அவனுக்கு யார் சொல்வது? இந்த நினைப்பு அவளைச் சாப்பிடவும் விடவில்லை. சண்டை தணிந்து முதல் லொறி புறப்பட்டபோது, எல்லாச் சாக்கிலும் சிலுவையைப் பெரிதாகப் போட்டு அனுப்பினாள்.

“போடாட்டி நாங்கள் இருக்கிறம் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும் முதலாளி?” என்றாள்.

பஞ்சலிங்கத்தாருக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. வேட்டியைச் சரிசெய்தார். கடலைப் பார்த்தார்.

“சாக்கைத் திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் இஞ்சை ஒருதற்றை அடுப்பும் எரியாது பிள்ளை. நான் என்ன செய்ய?” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கடதாசி மட்டையை எடுத்து நீட்டினார். “இந்தா. கிட்டங்கியிலை இருந்து மாதிரி எழுதி அனுப்பியிருக்கிறாங்கள். உதைப் பாத்து எழுது.”

அவள் ஆவலோடு வாங்கினாள். எழுத்து மிக அழகாக இருந்தது. பிறந்ததிலிருந்து அதையே எழுதிய கை. சிமியோனின் மூன்றாவது துளி இப்படி அடக்கமாக நிற்காது. இது அவன் எழுதியதல்ல என்று தெரிந்ததும் அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. மட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

“மேலை ஊத்தை பட்டிருக்கு. கொண்டுவந்தவன் கவனமில்லாதவன்,” என்றார் பஞ்சலிங்கத்தார்.

ஸ்ரெல்லா மட்டையை வெயிலுக்குப் பிடித்தாள். எழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். அதன் அடியில் நெடுக ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் மங்கலாகத் தெரிந்தன.

“என்ன பிள்ளை, விளங்குதோ?”

“ஓம்,” என்றாள். தன் பெருவிரலைத் தீற்றலின் மேல் வைத்துப் பார்த்தாள். அது அவளுடைய விரலைவிட அகலமாக இருந்தது.