நூற்றுப்பன்னிரண்டு பச்சை நாய்கள்

மனிதகுல வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடப்பெயர்ச்சிகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, குரங்கு மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கியது. மற்றொன்று, ஒரு கால்நடை மருத்துவமனையின் பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு நோயாளிகள் பழைய கம்ப்யூட்டர் சர்வரிலிருந்து புதிய சர்வருக்குக் குடியேறியது. முதலாவதில் சில குளறுபடிகள் நேர்ந்துவிட்டன. தெருவில் இறங்கி நடந்தால் அவற்றைப் பார்க்கலாம். இரண்டாவதில் குளறுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏனென்றால் அதைச் செய்பவன் கொழுந்தன்.

கொழுந்தன் இப்படித்தான் கருதினான். மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அண்ணி, அவனைக் 'கொழுந்தனாரே' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வாரமாக அங்கே வந்துபோனதில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் டாக்டரம்மாவரை எல்லோருக்கும் அவன் கொழுந்தன் ஆகிவிட்டான். அண்ணி சொல்லித்தான் இந்த வேலை அவனுடைய கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி அவனை முதல் தடவையாகத் தனியே அனுப்பியிருந்தது. சரியாக முடித்தால் இனி அவன் சர்வர் ஆள். சொதப்பினால் பழையபடி பிரின்டருக்கு மை ஊற்றும் ஆள்.

காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும். பத்தேகாலுக்கு ஓர் அறுவை சிகிச்சை. நூலை விழுங்கி வைத்திருக்கும் மூட்டை என்ற கறுப்புப் பூனைக்கு.

"கொழுந்தனாரே, ஏதாவது புரியலைன்னா என்னைக் கேளு. நான் வாசல்ல கூட்டத்தைப் பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி.

"கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வராது அண்ணி. சந்தேகம் மனுஷங்களுக்கு வர்ற வியாதி."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

எட்டேமுக்காலுக்கு அவனுக்குப் புதையல் கிடைத்தது. புதிய சாஃப்ட்வேர் 'நிறம்' என்ற இடத்தில் ஏழே சொற்களை ஏற்கும்: கறுப்பு, வெள்ளை, பழுப்பு, சாம்பல், மஞ்சள், புள்ளி, மற்றவை. பழையதிலோ யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியிருந்தார்கள். நூற்றுப்பன்னிரண்டு பச்சை நாய்கள். அறுபத்தேழு ஊதா மிருகங்கள். நாற்பது ஆரஞ்சு. ஆரஞ்சில் ஓர் ஆமையும் இருந்தது.

கொழுந்தன் சிரித்த சிரிப்பில் கூண்டிலிருந்த ஒரு நாய் பதிலுக்குக் குரைத்தது. அண்ணிக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினான். ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் முன்னால் இதை அவிழ்த்துவிட்டால் ஒரு மாதத்துக்குத் தாங்கும். அதுவரை பொறுக்க முடியாததால், அந்த வண்ண மிருகங்களை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, 'அண்ணியின் வானவில்' என்று தலைப்பிட்டு, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பிறகு ஒரே வரி உத்தரவில் அத்தனையையும் 'மற்றவை' ஆக்கினான். சுத்தம்!

புதிய சர்வரில் பச்சைக்கோடு நீண்டுகொண்டே போனது. எண்பது சதவீதம். தொண்ணூறு. தொண்ணூற்றொன்பதில் நின்று அவன் உயிரை வாங்கியது. பிறகு நூறு! பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு. ஒரு வாலும் குறையவில்லை. கொழுந்தன் நாற்காலியோடு சேர்ந்து இரண்டு சுற்றுச் சுற்றினான்.

பழைய சர்வரை ஒரு மாதம் தொடாமல் வைத்திருக்கச் சொல்லிக் கம்பெனி விதி இருந்தது. விதிகள் கோழைகளுக்காக எழுதப்படுபவை. ஆற்றைக் கடந்தவன் ஓடத்தைத் தலையில் சுமப்பானா? ஒன்பதரைக்குப் பழையதை முழுக்க அழித்தான். தன் வேலைமேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. மூட்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் கூடையில் கொண்டுவந்தார். பூனைக்குச் சொந்தக்காரர் வெளியூரில், போன் எடுக்கவில்லை. அண்ணி பூனையை உள்ளே அறுவை மேசையில் சேர்த்துவிட்டு வந்து புதிய திரையின் முன் உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூட்டை. நிறம் என்ன?"

கொழுந்தன் கண்ணாடி வழியே பார்த்தான். பூனை டாக்டரம்மாவின் மூக்குக்குக் கீழேதான் இருந்தது. அட்டைக் கறுப்பு. இவருக்கும் கண் கோளாறா?

அண்ணி திரையைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். "மற்றவைன்னு இருக்கு மேடம்."

"மற்றவையா? அதுக்கு எந்த ஊசி?"

அண்ணி திரும்பினாள். "டேய், நிறத்தை என்னடா பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன் அண்ணி. நாய் பச்சையா இருக்குமா?"

"கடிக்கிற நாய் பச்சைடா! பழைய சாஃப்ட்வேர்ல குறிப்பு எழுத இடமே கிடையாது. நிறத்துலதான் எதை வேணா எழுத விட்டுது. பச்சை கடிக்கும். ஊதாவுக்கு வழக்கமான மயக்க ஊசி ஆகாது, போட்டா எழுந்திரிக்காது. ஆரஞ்சு சாது, கூட வர்றவங்கதான் கடிப்பாங்க."

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே!"

கொழுந்தன் கண்ணாடி வழியே பூனையை மறுபடி பார்த்தான். "மூட்டை ஊதாவா இல்லையான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமே அண்ணி..."

"அறுபத்தேழையும் மனசுல வச்சுக்க நான் என்ன யானையா? அதுக்குத்தானே கம்ப்யூட்டர்ல போட்டேன்! பழைய பெட்டியத் திற."

"அழிச்சுட்டேன்."

அண்ணி மறுபடி பூனைக்காரருக்குப் போன் போட்டாள். மணி மட்டும் அடித்தது.

"எந்த மருந்துன்னு தெரியாம ஊசியத் தொட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா உள்ளேயிருந்து. "ஆனா இது ரொம்ப நேரம் தாங்காது. சீக்கிரம்!"

கூடையைப் பிடித்தபடி பக்கத்து வீட்டுக்காரர், "பூனைக்காரங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" என்றார்.

அப்போதுதான் கொழுந்தனின் சட்டைப்பையில் போன் துடித்தது. நண்பர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'அந்த ஆரஞ்சு ஆமைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். கொழுந்தன் அந்த ஆமைக்கு மேலே, அதற்கும் மேலே, விரலால் தள்ளிக்கொண்டே போனான். 'அண்ணியின் வானவில்' அங்கே பத்திரமாக இருந்தது.

"மூட்டை... மூட்டை... பூனை... ஊதா! மேடம், ஊதா!"

"ஊதாவா?"

"ஊதாதான் மேடம்! சத்தியமா ஊதா!" ஒரு கறுப்புப் பூனையைக் காட்டி அவன் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மாவின் கை ஒரு புட்டியை விட்டு இன்னொரு புட்டிக்குப் போனது.

பதினொன்றேகாலுக்கு ஒரு முழம் நூல் வெளியே வந்தது. மூட்டை ஒரு கண்ணைத் திறந்து எல்லோரையும் கேவலமாகப் பார்த்தது. கொழுந்தனுக்கு அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவன் புதிய சாஃப்ட்வேரின் நிறப் பட்டியலில் மூன்று சொற்களைச் சேர்த்து, வானவில்லை வரி வரியாகத் திரும்ப ஏற்றியிருந்தான்.

"அண்ணி, ஒரு சந்தேகம்."

"மனுஷங்களுக்கு வர்ற வியாதியாச்சே அது?"

"அப்போ நிஜப் பச்சைக்கிளி வந்தா என்ன போடுவீங்க?"

"கடிக்காதுன்னா மஞ்சள்."

"புதுசுல குறிப்புக்குன்னு தனிப் பக்கமே இருக்கு அண்ணி. ஆறாவது பக்கம்."

"ஆறாவது பக்கம் போறதுக்குள்ள விரல் போயிடும், கொழுந்தனாரே" என்று சொல்லிவிட்டு அண்ணி மூட்டையைப் பார்க்க உள்ளே போனாள். "இதோ வரேன். யாராவது வந்தா பதிவு பண்ணிக்கோ."

ஒரு பெண்மணி முயலோடு வந்தார். புதிய சர்வரின் முதல் புது நோயாளி. பஞ்சு உருண்டை மாதிரி, பால் வெள்ளை. கொழுந்தன் ஆசையாகத் தடவக் கையை நீட்டினான். முயல் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, விட மனமில்லாமல் விட்டது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே பெயர், வயது, எடை எல்லாவற்றையும் இடக்கையால் தட்டினான். நிறத்துக்கு வந்தான்.

"வெள்ளைங்க" என்றார் பெண்மணி.

"ஆமாங்க, வெள்ளைதான்" என்றான் கொழுந்தன். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தான். அண்ணி பூனையோடு பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் பட்டியலைத் திறந்து, பச்சை என்பதைத் தேர்ந்தெடுத்தான்.